பாய்க்கு முன்னால் நூல் போய்விடும்: சுருட்டி வைத்த ஜெனோவாவும் வெப்பமண்டல வெயிலும்

மலேசியாவின் லங்காவித் தீவில் எந்த மரினாவுக்குப் போனாலும் வரிசையாகக் கட்டி நிற்கும் படகுகளின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடங்கள். பாய்மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் ஃபோர்ஸ்டே கம்பியில் சுருட்டி வைத்த ஜெனோவா எனும் முன்பாய் ஒவ்வொன்றிலும் நீலமோ பச்சையோ ஒரு பட்டை திருகித் திருகி மேலே ஏறும். சில படகுகளில் அந்தப் பட்டையின் ஓரம் பிரிந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால் துணி நன்றாகவே இருக்கும், சாயம்கூடப் பெரிதாக வெளுத்திருக்காது. அறுந்தது தையல்தான். வெப்பமண்டலக் கடலில் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: பாயைக் காப்பாற்ற ஒதுக்கும் காசை முதலில் நூலில் போடுங்கள், துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாயைச் சுருட்டும் ஃபர்லர் கருவி வந்த பிறகு முன்பாயை இறக்கி மடித்துப் பையில் போடும் வேலை போயிற்று. ஒரு கயிற்றை இழுத்தால் பாய் சுருண்டுகொள்கிறது. அதனால்தான் அது மாதக்கணக்கில் ராத்திரி பகல் வெளியிலேயே தொங்குகிறது. பயணக் கணக்கில் பார்த்தால் பாய் காற்று வாங்கி உழைக்கும் நேரம் கொஞ்சம். சும்மா நிற்கும் நேரம்தான் அதிகம். அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில்தான் அது கெடுகிறது.

லங்காவி பூமத்திய ரேகைக்கு வடக்கே 6 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். யுவி (புற ஊதாக் கதிர்) குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது உச்ச வகுப்பு. மேகமூட்டமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. மெல்லிய மேகத்தைத் தாண்டி புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் கீழே வந்துவிடும். கடல் நுரை தன் பங்குக்குச் சுமார் கால் பங்கைத் திருப்பி அனுப்பும்.

டேக்ரான் என்று நாம் சொல்லும் பாய்த்துணி பாலியெஸ்டர். புற ஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. முதலில் மேற்பரப்பு, பிறகு இழையின் உள்ளே. இதில் ஆபத்து என்னவென்றால், வெள்ளைத் துணி பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும். கொஞ்சம் மஞ்சள் பூக்கலாம், கொஞ்சம் மொடமொடப்பு குறையலாம். பலம் பாதி போன பிறகும் அது பாய் மாதிரியே தெரியும், ஒரு பலத்த காற்றில் பின்விளிம்பு ஓரமாகக் கிழியும் வரை. நைலான் இதைவிட வேகமாகப் போகும். கெவ்லார் போன்ற அராமிட் இழை இன்னும் மோசம். வெயில் பட்டால் பழுப்பேறிப் பலம் இழந்துவிடும்.

சுருட்டிய பாயில் வெளியே தெரிவது கடைசிச் சுற்று மட்டுமே. அதாவது லீச் எனும் பின்விளிம்பும், ஃபுட் எனும் அடிவிளிம்பும். அந்த இரண்டு விளிம்புகளிலும் ஒரு பட்டை தைத்துவிட்டால் வெயில் அதைத் தின்னும், உள்ளே இருக்கும் பாய் பிழைக்கும். பட்டை செலவாகித் தீர வேண்டிய பொருள், பாயின் உறுப்பு என்று அதை நினைக்கக் கூடாது. இது மனதில் பதிந்துவிட்டால் அதை மாற்றுவதற்கு யாரும் தயங்கமாட்டார்கள்.

பட்டை எவ்வளவு அகலம் வேண்டும் என்பதில் நிறையப் பேர் ஊகத்தில் போகிறார்கள். பாயை நன்றாக இறுக்கிச் சுருட்டிவிட்டு, தையற்காரர் டேப்பை எடுத்து, உருளை எங்கே அதிகத் தடிமனோ அங்கே சுற்றளவை அளந்துவிடுங்கள். பெரும்பாலும் அது கிளூ எனும் பின்-கீழ் மூலை வந்து படியும் உயரத்தில் இருக்கும். அந்தச் சுற்றளவுதான் பட்டையின் அகலம். உருளை 16 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 50 செ.மீ. லீச் சாய்வாகச் சுற்றிக்கொள்வதால் கணக்குப்படி 46 செ.மீ. போதும். ஆனால் பாய் ஒருபோதும் கணக்குப்படி சுருளாது. முழுச் சுற்றளவையே வைத்துக்கொள்ளுங்கள். 30 முதல் 40 அடி வரையான படகுகளில் இது 45 முதல் 60 செ.மீ.க்குள் வரும். மேலே ஹெட் மூலையை நெருங்கும்போது பாயின் அகலமே பட்டையைவிடக் குறைந்துவிடும். அங்கே பட்டை பாயை முழுக்க மூட வேண்டும். அந்த மேல் நுனியில் ஒரு சாண் இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவது அடிக்கடி பார்க்கும் தவறு, பாய் முதலில் கிழிவதும் அங்கேதான்.

ஒரு 36 அடிப் படகின் ஜெனோவாவை எடுத்துக்கொள்வோம். லஃப் எனும் முன்விளிம்பு 13 மீட்டர், லீச் 12.2 மீட்டர், ஃபுட் 5.2 மீட்டர் என்று இருக்கட்டும். பட்டை போக வேண்டிய நீளம் 17.4 மீட்டர். சன்பிரெல்லா மாதிரியான அக்ரிலிக் துணி 117 செ.மீ. அகலச் சுருளில் வருகிறது. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 58 செ.மீ. பட்டை இரண்டு கிடைக்கும். மடிப்புப் போக 55. ஆக 9 மீட்டர் துணி, ஒட்டுகளுக்கும் கிளூ மூலைக்கும் ஒன்றரை மீட்டர் கூடுதல், மொத்தம் 10.5 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும்.

எடையையும் பார்த்துவிட வேண்டும். கடல் உபயோக அக்ரிலிக் சதுர மீட்டருக்குச் சுமார் 314 கிராம். 17.4 மீட்டரை 55 செ.மீ. அகலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 9.6 சதுர மீட்டர், 3 கிலோ. அந்த 3 கிலோவும் பாயின் பின்விளிம்பில் தொங்குகிறது. 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) காற்றில் லீச் உள்பக்கமாக வளைந்து தொங்குவதற்கு இதுதான் காரணம். இதற்கு மாற்றாக யுவி தடுப்புப் பூச்சு ஏற்றிய மெல்லிய பாலியெஸ்டர் துணி இருக்கிறது. எடை பாதிதான், நிறம் வெள்ளை, பாயோடு பாயாக இழுபடும், பார்வைக்கும் அழகு. ஆனால் ஆயுள் குறைவு. மிதமான வெயிலுள்ள இடங்களில் அக்ரிலிக் 8, 10 ஆண்டு ஓடும். மலாக்கா நீரிணையில் 5, 6 ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சுப் போட்ட பாலியெஸ்டர் இங்கே 3 ஆண்டு தாண்டினால் சந்தோஷம். வார இறுதியில் பந்தயம் ஓடுகிறவர்கள் மெல்லிய துணிக்குப் போகலாம். படகில் குடியிருப்பவர்களும், வாரக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் அக்ரிலிக்கே போடட்டும். நிறத்தில் அடர் நீலம், கருநீலம், கறுப்பு ஆகியவை வெளிர் நிறங்களைவிட ஒளியை நன்றாகத் தடுக்கும்.

இப்போது நூல். டேக்ரான் வழவழப்பான, கெட்டியான துணி. சட்டைத் துணியில் தைத்தால் நூல் துணிக்குள் அமிழ்ந்துவிடும். டேக்ரானில் அமிழாது, மேலேயே மேடாக உட்கார்ந்திருக்கும். அதனால் வெயிலும் முழுதாகப் படும், பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரௌட் கம்பியில் உரசலும் முழுதாகப் படும். துணியில் ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றையொன்று மறைத்துக் காக்கின்றன. நூலுக்கு அந்த மறைவு இல்லை. வழக்கமான வி-69, வி-92 தடிமன் யுவி பாலியெஸ்டர் நூல் இந்த வெயிலில் 3, 4 ஆண்டில் நகத்தால் கீறினாலே பொடியாகும். துணிக்கு இன்னும் ஆயுள் இருக்கும்போதே பட்டை பிரிந்து தொங்குவது இதனால்தான். பிரிந்த பட்டை காற்றில் அடித்துக்கொண்டால், அடுத்திருக்கும் தையலையும் இழுத்துப் பிரித்துக்கொண்டே போகும். கையளவு பிரிந்ததைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மழைக்காற்றில் ஒரு மீட்டர் போய்விடும்.

இதற்குத் தீர்வு பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூல். டெனாரா, புரொஃபிலன் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. புற ஊதாக் கதிர் இதை ஒன்றும் செய்வதில்லை. விலை பாலியெஸ்டர் நூலைவிடப் பல மடங்கு, உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன ஜெனோவாவில் வெளி ஓரம், உள் ஓரம், ஒட்டுகள் எல்லாம் சேர்த்துத் தையல் நீளம் சுமார் 45 மீட்டர். ஜிக்ஜாக் தையலுக்கு மேல் நூலும் கீழ் நூலும் சேர்ந்து மூன்று பங்கு போகும், ஆக 135 மீட்டர். இழப்பு, இரட்டைத் தையல் எல்லாம் சேர்த்து 250 மீட்டர் வாங்கினால் போதும். பட்டையைப் பாதி ஆயுளில் ஒருமுறை பிரித்துத் திரும்பத் தைக்க ஆகும் கூலி, இந்த 250 மீட்டர் நூல் விலையைவிட எப்போதும் அதிகம்.

சிக்கனம் பிடிப்பதாக நினைத்து மேலே பி.டி.எஃப்.இ., கீழ் நூல் வரும் பாபினில் பாலியெஸ்டர் என்று தைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு நூலும் ஒன்றையொன்று பூட்டி நிற்பதுதான் தையல். ஒன்று இற்றுப்போனால் மற்றது வெறும் கயிறாகத் துளைகளில் தொங்கும். பாயைத் தையற்கூடத்தில் கொடுக்கிறீர்கள் என்றால் "பாபினிலும் அதே நூல்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நூலோடு பழக வேண்டியது கொஞ்சம் உண்டு. வழுக்கும், இழுத்தால் நீளும். மேல் நூலின் இறுக்கத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்துத் தைக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் 2 செ.மீ. பின்தையல் போட்டு, நுனியை நீளமாக விட்டு நறுக்குங்கள். இல்லாவிட்டால் தானாக உருவிக்கொண்டு வந்துவிடும். பாலியெஸ்டர் நூலைப் போல லைட்டரால் நுனியை உருக்கி ஒட்டலாம் என்று பார்த்தால் நடக்காது, இது உருகாது.

வீட்டிலேயே மாற்றுகிறவர்களுக்கு முதல் தேவை இடம். மேலே சொன்ன பாயை விரிக்க 13 மீட்டருக்கு 6 மீட்டர் தரை வேண்டும். பேட்மிண்டன் ஆடுகளம் 13.4க்கு 6.1, மலேசியாவில் அதற்குப் பஞ்சமில்லை, பகல் நேரத்தில் வாடகையும் குறைவு. தரையை முதலில் துடைத்துவிடுங்கள், மணல் பாய்க்குள் போனால் பிறகு மெஷினுக்குள் போகும்.

பழைய பட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் அது எந்தப் பக்கத்தில் இருந்தது, எங்கெங்கே ஒட்டு வந்தது, லீச் கயிறு வெளியே வரும் துளை எங்கே என்று படம் எடுத்து வையுங்கள். சீம் ரிப்பரால் தையலை நாலைந்து கண்ணிக்கு ஒருமுறை வெட்டி, பட்டையை இழுத்தால் வந்துவிடும். துணியைக் கீறிவிடக் கூடாது. பிரித்தபின் கீழே இருக்கும் டேக்ரானையும், பட்டைக்கு வெளியே இருந்த டேக்ரானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டைக்குக் கீழே இருந்தது மங்கி மெலிந்திருந்தால் பட்டை ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் புதுப் பட்டை போட்டுப் பயனில்லை. விளிம்புத் துணியை வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டுப்போட வேண்டும், அல்லது பாயின் விலையையே யோசிக்க வேண்டும்.

புதுத் தையல் பழைய துளை வரிசையின் மேலேயே ஓடக் கூடாது. 8, 10 மி.மீ. தள்ளிப் போகட்டும் என்று தைப்பவரிடம் சொல்லுங்கள். ஒரே கோட்டில் இரண்டு தடவை துளைத்தால் தபால் தலை ஓரம் போல அங்கேயே கிழியும்.

லீச் நேர்கோடு அல்ல, உள்பக்கம் சற்றே குழிந்திருக்கும். 12 மீட்டர் நீளப் பட்டையை ஒரே துண்டாக வைத்தால் குழிவில் சுருக்கம் விழும். 1.8 மீட்டர் அளவு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதன் இடத்தின் சாய்வுக்குத் திருப்பி வைத்து, ஒட்டுகளை 4 செ.மீ. ஏற்றி வையுங்கள். பாயின் சொந்த ஒட்டுகள் வரும் இடங்களில் பட்டையின் ஒட்டு விழாமல் பார்த்துக்கொண்டால் தடிமன் ஓரிடத்தில் குவியாது. முதலில் லீச் ஓரத்தை 6 மி.மீ. இரட்டைப் பக்க ஒட்டு டேப்பால் ஒட்டி, உள்ளங்கையால் உள்நோக்கித் தடவிப் படியவிட்டு, பிறகு உள் ஓரத்தை 12 மி.மீ. மடித்து ஒட்டுங்கள். அக்ரிலிக்கை இழுத்துப் பிடித்து ஒட்டவே கூடாது. இழுத்து ஒட்டினால் அது திரும்பச் சுருங்கும்போது பாயையும் சேர்த்துச் சுருக்கும். லீச் முழுக்க முறுக்கு விழும், காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கும்.

வெளி ஓரம் லீச்சைத் தாண்டி 2.5 செ.மீ. மறுபக்கம் மடிய வேண்டும். அந்த மடிப்புக்குள் லீச் கயிறு ஓடுகிறது. ஊசி அதன்மேல் ஏறாமல் விரலால் கயிற்றை ஓரமாகத் தள்ளிக்கொண்டே தைக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். முழுதும் தைத்து முடித்த பிறகு கயிறு நகரவில்லை என்றால் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடிப் பிரிப்பது பெரும் வேலை.

தையல் ஜிக்ஜாக்தான், 5 மி.மீ. அகலம், 4, 5 மி.மீ. நீளம். பாயில் பாரம் ஏறும்போது துணி இழுபடும். நேர்த்தையலில் நூலுக்கு நீள இடமில்லை, தெறித்துவிடும். வி-92 தடிமனுக்கு 18ஆம் எண் ஊசி. ஒட்டு டேப்பின் பசை ஊசியில் ஏறித் தையல் தாவ ஆரம்பித்தால், ஸ்பிரிட் நனைத்த துணியால் ஊசியைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். வாக்கிங் ஃபுட் உள்ள மெஷின் இருந்தால் மேல் துணியும் கீழ் துணியும் ஒன்றாக நகரும். வீட்டு மெஷினில் பட்டை ஓரத்தைச் சமாளித்துவிடலாம், கிளூ மூலையின் ஆறேழு அடுக்கை அது துளைக்காது. அதை உள்ளங்கைத் தோலுறை மாட்டிக் கையால்தான் தைக்க வேண்டும்.

கிளூ மூலைக்குத் தனிக் கவனம் கொடுங்கள். சுருட்டும்போது கடைசியாக வந்து மேலே உட்கார்வது அதுதான். ஆண்டு முழுதும் நேரடி வெயில். வளையத்தைப் பிடித்திருக்கும் வார்ப்பட்டைகளும், அவற்றைத் தைத்த நூலும் மூடாமல் கிடந்தால், பாயின் மற்ற எல்லாத் தையலுக்கும் முன்னால் அவை போகும். வார்ப்பட்டைக்கு மேல் அக்ரிலிக்கோ மெல்லிய தோலோ போட்டு மூடுங்கள். பட்டையை மறுபக்கத்திலும் 30 செ.மீ. அளவுக்கு இந்த மூலையில் மட்டும் தைத்துவிட்டால், சுற்று கொஞ்சம் பிசகினாலும் மூலை வெள்ளையாக வெளியே வராது.

இவ்வளவும் செய்தபின் பாயைத் தலைகீழாகச் சுருட்டி எல்லாவற்றையும் வீணாக்குகிற படகுகளும் உண்டு. பட்டை பாயின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் வெளியே வருகிற மாதிரி ஃபர்லர் சுழல வேண்டும். ஃபர்லிங் கயிற்றைப் புதிதாக மாற்றும்போது, ஃபர்லரின் அடியில் அந்தக் கயிறு சுற்றியிருக்கும் டிரம்மில் எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் பட்டை உள்ளே போய், வெள்ளைப் பாய் வெளியே வந்துவிடும். பட்டை ஸ்டார்போர்டு (வலது) பக்கம் இருந்தால் ஃபர்லிங் கயிறு டிரம்மின் போர்ட் (இடது) பக்கத்திலிருந்து வெளியேற வேண்டும்; மேலிருந்து பார்த்தால், பாய் மாட்டியிருக்கும் ஃபாயில் குழாய் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழன்று பாயைச் சுருட்டும். பட்டை போர்ட் பக்கம் என்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். பட்டை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கயிறு, அவ்வளவுதான். புதுப் பாய் ஆர்டர் கொடுக்கும்போது இதைத்தான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும், இரண்டு ஜெனோவா வைத்திருப்பவர்கள் இரண்டிலும் ஒரே பக்கம் பட்டை கேட்க வேண்டும்.

டிரம்மில் சுற்றுகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்பதும் முக்கியம். அமைதியான காற்றில் பாய் தளர்வாகச் சுருளும், குறைவான சுற்றே போதும். பலத்த காற்றில் இறுக்கமாகச் சுருளும், உருளை மெலியும், சுற்று அதிகம் தேவைப்படும். அப்போது டிரம்மில் கயிறு தீர்ந்துவிட்டால் கிளூ பக்கம் ஒரு முக்கோணம் வெளியே நின்றுவிடும். முழுதும் சுருட்டிய பின்னும், கிளூ மூலையைப் பிடித்திழுக்கும் ஷீட் கயிறுகள் பாயின்மேல் 3 சுற்று சுற்றிய பின்னும், டிரம்மில் நாலைந்து சுற்று மிச்சம் இருக்கும்படி கயிறு ஏற்றி வையுங்கள்.

சுருட்டும் விதமும் பழக்கத்தில் வர வேண்டும். ஷீட்டை முழுக்க விட்டுவிட்டு ஃபர்லிங் கயிற்றை மட்டும் இழுத்தால் உருளை பொதபொதவென்று வரும். காற்றைப் பின்பக்கம் வாங்கிக்கொண்டு, பெரிய பாயான மெயின்சேலின் மறைவில் ஜெனோவாவை வைத்து, ஷீட்டை வின்ச்சில் ஒரு சுற்றுப் போட்டு லேசாகப் பிடித்துக்கொண்டே இழுங்கள். பாயை மேலே ஏற்றும் ஹாலியார்ட் கயிறு தொய்ந்திருந்தால் நடுப்பகுதி பையாகி, பட்டைக்கு இடையே வைர வடிவில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் ஆண்டு முழுதும் வெயிலில் இருக்கும் பாய்த்துணி. சுருட்டி முடித்துக் கரையில் இறங்கிய பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்து, வெள்ளை தெரிந்தால் மறுபடி ஏறி விரித்துச் சுருட்டுவதற்குச் சோம்பல் படாதீர்கள்.

மலாக்கா நீரிணையில் இந்த இறுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன் வரும் சுமாத்ரா புயல்காற்று 40 நாட் வேகத்தைத் தாண்டி அடிக்கும். தளர்ந்த சுருளுக்குள் காற்று புகுந்தால் லீச் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, சில நிமிடத்தில் பட்டை முதலில், பிறகு பாய் கிழியும். படகை விட்டுப் போகும்போது ஷீட்டின் 3 சுற்றுக்கு மேல், கை எட்டும் உயரத்தில் ஒரு பாய்வாரையும் இறுக்கிக் கட்டுங்கள். ஃபர்லிங் கயிற்றை கிளீட்டில் மட்டும் நம்பி விடாமல் டிரம்மையும் ஒரு துண்டுக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

சோதனைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பாயை இறக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் தையலைக் குறுக்கே அழுத்திக் கீறுங்கள். நல்ல நூல் நகத்தை எதிர்க்கும். செத்த நூல் பஞ்சாகப் பிரியும் அல்லது பொட்டென்று அறும். இதை ஓரிடத்தில் மட்டும் செய்தால் போதாது. ஹெட், ஸ்பிரெடர் (பாய்மரத்தின் குறுக்குக் கை) உயரம், கிளூ, ஃபுட்டின் நடு என்று நாலைந்து இடத்தில் பாருங்கள். மரினாவில் கட்டிய படகு எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதால் உருளையின் ஒரு முகம்தான் அதிக வெயில் வாங்கும். எந்த முகம் வெளுத்திருக்கிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். பட்டைத் துணியை விளிம்பில் இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பாருங்கள். கிழிந்தால் மாற்ற வேண்டிய காலம். துணி தாங்குகிறது, நூல் மட்டும் போயிற்று என்றால் மறுதையல் மட்டும் போதும், செலவில் பெரும்பகுதி மிச்சம். சின்னக் கிழிசலுக்கு ஒட்டும் டேக்ரான் துண்டை மூலைகளை வட்டமாக வெட்டி இருபுறமும் ஒட்டுங்கள். கூர்மூலை இருந்தால் அது முதலில் கிளம்பும்.

கழுவுவதற்கு நன்னீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும். உப்புப் படிகம் இழைகளுக்கு நடுவே உட்கார்ந்து உரசும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். அந்த ஈரத்தில் கரும்புள்ளிப் பூஞ்சணம் வரும். பூஞ்சணம் பாலியெஸ்டரையோ அக்ரிலிக்கையோ தின்பதில்லை, கறைதான். அதைப் போக்க பிளீச் பயன்படுத்துவதென்றால் நன்றாக நீர்த்து, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். நைலான் பாயிலும் அராமிட் இழையுள்ள பாயிலும் பிளீச் படவே கூடாது. ஈரமாகச் சுருட்டுவதைத் தவிர்க்க முடியாத இடம் இது. மழை விட்டு இளங்காற்று வரும் காலை நேரத்தில் அரை மணி விரித்து வைத்துக் காயவிட்டாலே போதும்.

பட்டை தைக்க மனமில்லாத பந்தயக்காரர்கள் ஜிப் வைத்த நீள உறையைச் சுருளின்மேல் ஹாலியார்டால் ஏற்றிக்கொள்கிறார்கள். லேமினேட் பாய்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் அவற்றின் படலத்தில் ஊசித்துளை போடுவதே பலவீனம். ஜிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், உலோகம் உப்பில் இறுகிவிடும். உறையைச் சுற்றி ஒரு மெல்லிய கயிற்றைக் கீழிருந்து மேல் வரை பின்னி இறுக்காவிட்டால் அது காற்றில் அடித்து உள்ளே இருக்கும் பாயையே தேய்த்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் படகை விட்டுப் போகிறீர்கள் என்றால் பட்டையும் வேண்டாம், உறையும் வேண்டாம். பாயை இறக்கி, கழுவிக் காயவைத்து, மடித்துப் படகுக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை, காற்றில்லாத காலையில் செய்தால் ஒருவரே செய்யலாம். கோடு ஜீரோ, ஜெனக்கர் மாதிரி மெல்லிய பாய்களைச் சுருட்டியபடி ஒரு பகல்கூட மேலே விடாதீர்கள்.

மாஸ்ட் எனும் பாய்மரத்துக்குள் சுருளும் மெயின்சேல் வைத்திருப்பவர்கள் தமக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்கலாம். அங்கேயும் கிளூ மூலையும், பிளவுக்கு வெளியே நிற்கும் லீச்சின் ஒரு கையகல நீளமும் வெயிலில்தான் நிற்கின்றன. மாஸ்ட்டின் பிளவு பின்பக்கம் இருப்பதால் படகின் பின்புறத்தைச் சூரியன் பார்க்கும் நேரமெல்லாம் அங்கே படும். அந்த விளிம்பில் இருபுறமும் 20 செ.மீ. பட்டை போட்டால் போதும். ஆனால் துணி மெல்லியதாக இருக்க வேண்டும். கனமான அக்ரிலிக்கைப் போட்டால் சுருள் தடித்துப் பிளவில் மாட்டிக்கொள்ளும். இந்த ஓரிடத்தில் மட்டும் நான் பூச்சுப் போட்ட பாலியெஸ்டரைத்தான் சொல்வேன், தைப்பது அதே பி.டி.எஃப்.இ. நூலால்.